அபேயன்ஸில் கிடந்த வயல்

நாற்பது வயது வரைக்கும் காலிதீனுக்கு இங்கிலீஷோடு எந்த வழக்கும் இருந்ததில்லை. கல்முனைக்கு மேற்கே, சொறிக்கல்முனைக்குப் போகிற வழியில் அவருக்கு மூன்று ஏக்கர் வயல் இருந்தது. மாரியில் மழையும் சிறுபோகத்தில் வாய்க்காலும் அதற்குத் தண்ணீர் கொடுத்தன. இந்த ஏற்பாட்டில் இங்கிலீஷ் எங்கேயும் குறுக்கிட்டதில்லை. ஐம்பத்தாறாம் ஆண்டு சிறுபோகத்தில், பயிர் முழங்கால் உயரம் வந்திருந்த நேரத்தில், வாய்க்காலின் கட்டு ஓரிடத்தில் உடைந்துபோனது. வில்லங்கம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

உடைப்பு பெரிதல்ல. ஒரு எருமை படுத்தெழும்பினால் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான். அதன் வழியாக வாய்க்கால் தண்ணீர் முழுவதும் கடலோரக் களப்பை நோக்கி வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வயல்காரர் வேலப்போடி கட்டின்மேல் நின்று பார்த்தார்.

"ஆறு பேர் காலையில இறங்கினா பகல் சோத்துக்கு முதல் அடைச்சிரலாம் தம்பி. மண்வெட்டிய எடுங்க," என்றார்.

அந்த நேரம் பார்த்து வட்டவிதானை கச்சிமுகம்மது சைக்கிளில் வந்து இறங்கினார். அந்தப் பக்கத்து வயல்களுக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டு விடுவது அவருடைய உத்தியோகம். மோசமான மனிதர் இல்லை.

"அடைக்கிற எண்டா அடைங்க. நான் காணாத மாதிரிப் போயிருவன்," என்றார். "ஆனா இது கவர்மெண்டுக் கட்டு. நாளைக்கு ஆராச்சும் கேள்வி கேட்டா நான் ஜவாப்பு சொல்ல மாட்டன். கந்தோருக்கு ஒரு பெட்டிசம் போட்டு, அனுமதி எடுத்துட்டு அடைச்சா ஒருத்தருக்கும் பயமில்ல."

வேலப்போடி மண்வெட்டியைத் தூக்கிவிட்டார். காலிதீன்தான் அவர் கையைப் பிடித்தார். காலிதீனின் மகள் லைலாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை நிந்தவூர். வெள்ளாமை வெட்டி, சீதன வீட்டுக்குக் கூரை போட்டு, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு கலியாணக் காவின் எழுதுவதாக ஏற்பாடு. இப்படியான நேரத்தில் கவர்மெண்டோடு கொளுவிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை.

"சட்டப்படி செய்வம் அண்ணன்," என்றார். "ஒரு கிழமைதானே."

ஊராருக்குப் பெட்டிச மனு எழுதிக் கொடுக்கிற அபுல் ஹஸன் தபால் கந்தோருக்கு எதிரே, ஒரு வேம்பின் கீழே மேசை போட்டிருந்தார். அவருடைய டைப்ரைட்டரில் ஓர் எழுத்து விழாது. அதை மட்டும் பேனையால் எழுதுவார். தமிழில் எழுதக்கூடாதா என்று காலிதீன் கேட்டார். எழுதலாம் என்றார் அபுல் ஹஸன். ஆனால் தமிழில் போகிற பெட்டிசத்தை வாய்க்கால் கந்தோரில் இங்கிலீஷுக்கு மாற்றவேண்டும். மாற்றுகிறவரின் கதிரை நாலு வருஷமாக வெறுமையாகக் கிடக்கிறது. ஆகையால் பெட்டிசம் இங்கிலீஷில் போனது.

பன்னிரண்டாம் நாளே பதில் வந்துவிட்டது. கந்தோரில் இருந்து இவ்வளவு சுறுக்காகக் கடிதம் வந்ததை அந்தப் பக்கத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. மண்ணிற உறை, முத்திரைக்குப் பதில் அரசாங்கச் சின்னம், உள்ளே ஒரே ஒரு வரி. அபுல் ஹஸன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை வாசித்தார். பிறகு இன்னொரு தரம் வாசித்தார்.

"ஒங்கட பெட்டிசத்த அபேயன்ஸில வெச்சிரிக்கிறாங்க," என்றார்.

"அப்பிடியெண்டா?"

அபுல் ஹஸனுக்கும் அந்தச் சொல் தெரியாது. ஆனால் பதினெட்டு வருஷமாகப் பெட்டிசம் எழுதுகிறவர் தெரியாது என்று சொல்லத் தொடங்கினால் வேம்பின் கீழ் வேறொருவன் மேசை போட்டுவிடுவான். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கடிதத்தின் அடியைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"ஒபே எண்டா என்ன? கீழ்ப்படியிற. ஒபேயன்ஸ், அபேயன்ஸ் ரெண்டும் ஒரே வாப்பாட புள்ளைகள். ஒங்கட பெட்டிசத்துக்குக் கந்தோர் கீழ்ப்படியிது எண்டு எழுதிரிக்கி. நம்ப ஏலாட்டி இஞ்ச பாருங்க, கையெழுத்துக்கு மேல. 'தங்களுடைய கீழ்ப்படிவுள்ள சேவகன்'. மேலயும் கீழ்ப்படியிறான், கீழயும் கீழ்ப்படியிறான்."

காலிதீனுக்கு உடம்பு கூசியது. கோட்டுப் போட்ட துரை, மூன்று ஏக்கர்காரனுக்குச் சேவகன் என்று கையெழுத்து வைத்திருக்கிறார். இதற்குப் பதில் மரியாதை செய்யாமல் இருப்பது மனிதத்தன்மை அல்ல என்று பட்டது. அங்கேயே நின்று ஒரு நன்றிக் கடிதம் எழுதுவித்தார். கந்தோர் தமக்கு வழங்கிய அபேயன்ஸுக்குத் தாமும் தம் குடும்பமும் என்றைக்கும் கடமைப்பட்டிருப்பதாகவும், அதே அபேயன்ஸைப் பக்கத்து வயல்காரர் எட்டுப் பேருக்கும் கருணையோடு வழங்கவேண்டுமென்றும் அதில் கேட்டிருந்தது. எட்டுப் பேருடைய பெயர்களையும் காலிதீன் ஒன்றும் விடாமல் சொன்னார். முதல் பெயர் வேலப்போடி.

கந்தோர் இந்த வேண்டுகோளை உடனே நிறைவேற்றியது. அடுத்த கிழமை எட்டு வீடுகளுக்கும் எட்டு மண்ணிற உறைகள் வந்தன. அவர்களில் ஒருவரும் பெட்டிசமே போட்டிருக்கவில்லை. போடாத பெட்டிசத்துக்கும் கந்தோர் கீழ்ப்படிந்துவிட்டதே என்று ஊர் வியந்தது. காலிதீனின் மனைவி றம்லா கிச்சடி ஆக்கிப் பகிர்ந்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் காத்திருந்தார்கள். கந்தோர் ஆட்கள் வந்தால் குடிக்க என்று றம்லா தினமும் ஒரு கேத்தல் தேத்தண்ணீர் போட்டு வயலுக்கு அனுப்பினாள். அதைப் பின்னேரம் காலிதீனும் வேலப்போடியும் குடித்தார்கள். வாய்க்கால் தண்ணீர் பகலெல்லாம் களப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. வயலில் ஈரம் வற்றி, பிறகு நிலம் வெடித்தது. முதலில் விரல் போகிற வெடிப்பு. பத்து நாளில் கை போகிற வெடிப்பு.

"கீழ்ப்படியிறவங்க எப்ப வருவாங்க?" என்று றம்லா கேட்டாள்.

"வருவாங்க. எழுத்தில தந்திரிக்கிறாங்க."

"எழுத்தக் கொண்டுபோய் வயலுக்குள்ள ஊத்துங்க," என்றாள் அவள்.

மறுநாள் காலையில் அவளே மண்வெட்டியோடு கட்டுக்குப் போனாள். பொம்பிளை ஒருத்தி அப்படிப் போனதைக் கண்டு வேலப்போடியும் இன்னும் நாலு பேரும் கூடப் போனார்கள். அங்கே கச்சிமுகம்மது கையை விரித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் ஒரு மண்ணிற உறை வந்திருந்தது.

"என்ட அல்லாஹ்வே, தொட்டுராதீங்க! அண்டைக்கு எண்டா இது வெறும் மண். நான் கண்ண மூடியிருப்பன். இப்ப இது பைல்ல இரிக்கி. பைல்ல இரிக்கிற மண்ணில ஒரு கட்டி அசைஞ்சாலும் எனக்கும் வேல போகும், ஒங்களுக்கும் கோட்டு வழக்கு."

"பைல் எங்க இரிக்கி?" என்று கேட்டாள் றம்லா.

"கந்தோர்ல."

"மண்?"

"மண்ணும் இப்ப கந்தோர்லதான் புள்ள," என்றார் கச்சிமுகம்மது. அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

காலிதீன் அன்றைக்கே கந்தோருக்குப் போனார். பியோன் அவரை வாங்கில் உட்காரச் சொன்னான். பகல் சாப்பாட்டுக்குக் கந்தோர் பூட்டுகிற வரைக்கும் உட்கார்ந்தார். திறந்த பிறகும் உட்கார்ந்தார். எதிரே சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கடிதம் தொங்கியது. ஓர் எழுத்து மட்டும் பேனையால் எழுதியிருந்ததால் அது என்ன கடிதம் என்று வாசிக்கத் தெரியாமலே அவருக்கு விளங்கியது.

பெரிய கிளாக்கர் அருளம்பலம் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். மனுக்காரர் ஒருவருக்காக அவர் எழுந்து நிற்பதைப் பார்த்த பியோன் கையில் வைத்திருந்த பைல் கோவைகளை மேசையில் வைத்துவிட்டான்.

"நீர்தானா அது! இருபத்தேழு வருஷச் சேவையில நான் எத்தினையோ ஆயிரம் பேருக்கு அபேயன்ஸ் அனுப்பியிருக்கிறன். ஒருத்தன் நன்றி சொன்னதில்ல. துரை உம்மட கடிதத்தைப் பிரதி எடுத்து மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் அனுப்பிப்போட்டார். சனங்கள் எங்கட சேவையில திருப்தி எண்டதுக்கு இதுக்கு மேல அத்தாட்சி வேணுமா?"

"ஐயா, கட்டு இன்னம் உடைஞ்சபடிதான் கிடக்கு."

"கிடக்கும். அபேயன்ஸ் எண்டா அப்பிடித்தான்."

"அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன ஐயா?"

அருளம்பலம் மெல்ல உட்கார்ந்தார். அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷம் ஒரு பக்கத்தால் வடியத் தொடங்கியது.

"அர்த்தம் தெரியாமலா நன்றி சொன்னீர்?"

காலிதீன் திரும்பிச் சுவரில் தொங்கிய கடிதத்தைப் பார்த்தார்.

"அர்த்தம் தெரியாமல் நன்றி சொன்னால் அது பொய் வாக்குமூலம். கொழும்பு வரைக்கும் போன பொய் வாக்குமூலம். இது சின்ன விஷயமில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் இந்தக் கந்தோரில சேரக்குள்ள ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தவர். அவர் இந்தச் சொல்லை எழுதினவர். அவருக்குப் பிறகு வந்தவரும் எழுதினவர். நானும் எழுதுறன். ஒரு நாளும் இந்தச் சொல் எங்களக் கைவிட்டதில்ல. அர்த்தம் சொல்லுறது எங்கட வேலையில்ல. அகராதி மட்டக்களப்புப் பெரிய கந்தோரில, கச்சேரியில இருக்குது. அதை எடுப்பிக்கிறதெண்டால் அதுக்கு வேற படிவம் இருக்குது."

காலிதீன் அந்தப் படிவத்தைக் கேட்டார். படிவம் முடிந்துவிட்டதாகவும் அச்சடிக்க எழுதியிருப்பதாகவும், அந்த எழுத்து இப்போது அபேயன்ஸில் இருப்பதாகவும் பெரிய கிளாக்கர் சொன்னார். பிறகு விஷயத்தைத் துரையின் அறைக்குள் கொண்டுபோனார். அரைமணி நேரத்தில் ஒரு தீர்மானத்தோடு வெளியே வந்தார். மனுக்காரர் காலிதீன், விசாரணைச் சபை முன்பாகத் தோன்றி, மேற்படி சொல்லின் அர்த்தத்தைச் சொல்லி, அதை ஒரு வசனத்தில் பிழையின்றிப் பாவித்துக் காட்டவேண்டும். காட்டினால் நன்றிக் கடிதம் செல்லுபடியாகும். அதற்குப் பிறகு அவருடைய கோவையைப் பற்றி யோசிக்கலாம். காட்டாவிட்டால் பொலிசுக்கு அறிவிக்கவேண்டி வரும். விசாரணை ஜூலை இருபத்தாறு. அன்றைக்கு ஜூன் பதினொன்று.

"ஐயா, அதுக்குள்ள பயிர் செத்துப்போகும்," என்றார் காலிதீன்.

"படிக்கிறதுக்கு உமக்கு நேரம் வேணும்தானே. துரை இரக்கப்பட்டுத்தான் நீண்ட தவணை தந்தவர்," என்றார் அருளம்பலம்.

வெளியே தேத்தண்ணீர்க் கடையடியில் குணம் அவரைப் பிடித்தான். குணம் கந்தோரின் கடைசி மேசைக் கிளாக்கர்; வேலையில் சேர்ந்து நாலு வருஷம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கதைத்தான்.

"காக்கா, நான் சொன்னதெண்டு சொல்லிராதீங்க. பள்ளிக்கூடத்தில படிக்கக்குள்ள நான் அகராதியில பாத்தனான். அபேயன்ஸ் எண்டா தூக்கி வெச்சிருக்கிற. அவ்வளவுதான். ஓம் எண்டும் சொல்லல்ல, இல்லையெண்டும் சொல்லல்ல."

"இல்ல எண்டு சொல்றத்துக்கு என்னத்துக்குத் தம்பி இவ்வளவு பெரிய சொல்லு?"

"இல்ல எண்டு சொன்னா நீங்க கச்சேரிக்கு அப்பீல் பண்ணலாம். ஓம் எண்டு சொன்னா அவங்க வேல செய்யணும். அபேயன்ஸுக்கு அப்பீலும் இல்ல, வேலையும் இல்ல."

"தூக்கி வெச்சத எப்ப இறக்குவாங்க?"

குணம் தேத்தண்ணீரைக் கொஞ்சம் குடித்தான். "இந்த நாலு வருஷத்தில ஒண்டு இறங்கினத நான் காணல்ல காக்கா. அலுமாரி நிறைஞ்சா புது அலுமாரிக்கு எழுதுவம். அது மட்டும் உடன வரும்."

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்த பிறகு குணம் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடாயிற்று. காலிதீன் அந்தச் சொல்லை முறையாகப் படித்தார். அது எந்த எழுத்தில் தொடங்கி எந்த எழுத்தில் முடிகிறது என்று படித்தார். அதற்கு முன்னால் 'இன்' வரவேண்டும், பின்னால் எதுவும் வரத் தேவையில்லை என்று படித்தார். ஒரு காரியத்தை அபேயன்ஸில் வைக்கலாம், ஒரு காரியம் தானாகவே அபேயன்ஸில் விழவும் செய்யலாம் என்று படித்தார். வரம்பில் நடந்துகொண்டு சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். இரண்டு பக்கமும் பயிர் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

வீட்டில் அந்தச் சொல் முதலில் பகிடியாகத்தான் நுழைந்தது. அவர் தேத்தண்ணீர் கேட்டால், "சீனி அபேயன்ஸில இரிக்கி, வெறுந்தேத்தண்ணி குடிங்க," என்பாள் றம்லா. லைலா சிரிப்பாள். உம்மாவும் மகளும் நாளுக்கு நாலு தரம் அதைச் சரியான இடத்தில் பாவித்தார்கள். தன்னைவிட அவர்கள் சுறுக்காகப் படித்துவிட்டதில் காலிதீனுக்குக் கொஞ்சம் வெட்கம்கூட வந்தது.

ஜூலை முதல் கிழமை மாப்பிள்ளை வீட்டில் இருந்து ஒரு சாச்சா வந்தார். முகத்தைக் கொடுக்காமல் கதைத்தார். கூரை இன்னும் போடவில்லையே என்று பார்த்தார். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது, மாப்பிள்ளைக்கு வேறு இடத்திலும் கேட்டு வருகிறார்கள், ஆனாலும் தாங்கள் வாக்கு மாறுகிற ஆட்கள் இல்லை, இப்போதைக்கு அப்படியே வைப்போம் என்றார். வெற்றிலைத் தட்டைத் தொடாமலே போய்விட்டார்.

அவர் படலையைத் தாண்டியதும் லைலா கேட்டாள். "வாப்பா, அவங்க ஓம் எண்டும் சொல்லல்ல, இல்லையெண்டும் சொல்லல்ல, என்ன?"

காலிதீன் தலையை ஆட்டினார். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் பகிடிக்குச் சொல்லவில்லை.

ஜூலை இருபத்தாறாம் தேதி கந்தோரில் நாற்காலிகள் போதவில்லை. மட்டக்களப்பில் இருந்து ஒரு பரிசோதகர் வந்திருந்தார். நடுவில் துரை, வலப்பக்கம் பரிசோதகர், இடப்பக்கம் அருளம்பலம். கிளாக்கர்மார் சுவரோரமாக நின்றார்கள். வேலப்போடியும் கச்சிமுகம்மதும் வாசலில் நின்றார்கள். காலிதீன் றம்லா தோய்த்து மடித்துக் கொடுத்த சட்டை போட்டு, தொப்பி வைத்துக்கொண்டு நடுவில் நின்றார்.

துரை முதலில் ஒரு பேச்சுப் பேசினார். தமிழில்தான் பேசினார், நடுநடுவே நிறுத்தித் தமிழ்ச் சொற்களைத் தேடிக்கொண்டார்.

"நான் இந்தப் பதவிக்கு வந்து ஐந்து வருஷம். இதுவரை என்னுடைய ஒரு முடிவுகூடப் பிழையென்று மேலிடம் சொன்னதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்கிறேன். மற்றக் கந்தோர்களில் முடிவு எடுக்கிறார்கள்; பிறகு அது பிழைத்துப்போகிறது. இங்கே அந்த ஆபத்துக்கு நான் இடம் வைப்பதில்லை. கட்டு உடைகிறது. மனிதன் அவசரப்பட்டு அடைக்கிறான். ஆனால் அது ஏன் உடைந்தது, உடைவதற்கு அதற்கு உரிமை உண்டா, அடைப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டா என்று யார் யோசிப்பது? நாங்கள் யோசிக்கிறோம். யோசித்துக்கொண்டே இருக்கிறோம். அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்."

பரிசோதகர் மேசையில் மெல்லத் தட்டினார்.

"மனுக்காரரே, அபேயன்ஸ் என்றால் என்ன?" என்று கேட்டார் துரை.

"தூக்கி வெச்சிரிக்கிற," என்றார் காலிதீன். "ஓம் எண்டும் சொல்லாம, இல்லையெண்டும் சொல்லாம, ஒண்டும் செய்யாம தூக்கி வெச்சிரிக்கிற."

அருளம்பலம் தலையைக் குனிந்துகொண்டு, மேசையில் இருந்த ஒரு துண்டுக் கடதாசியில் எதையோ அவசரமாகக் குறித்துக்கொண்டார். இருபத்தேழு வருஷமாக எழுதிவந்த சொல்லின் அர்த்தத்தை அவர் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்கிறார் என்று குணத்துக்குத் தோன்றியது.

"சரி," என்றார் துரை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் போலிருந்தது. "இனி வசனம்."

குணம் ஓர் இங்கிலீஷ் வசனத்தை அவருக்குப் பாடமாக்கிக் கொடுத்திருந்தான். ஆறு கிழமை அதைச் சொல்லிச் சொல்லி அவருடைய நாக்கு பழகியிருந்தது. காலிதீன் வாயைத் திறந்தார். அந்த வசனம் வரவில்லை.

"என்ட பெட்டிசம் அபேயன்ஸில இரிக்கி," என்றார். "என்ட மகள்ட கலியாணம் அபேயன்ஸில இரிக்கி. என்ட வயல் அபேயன்ஸில இல்ல துரை. அது செத்துப்போச்சு."

வாசலில் நின்ற வேலப்போடி சால்வையால் முகத்தைத் துடைத்தார். சபை மூன்று தலைகளையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு ஆலோசித்தது. ஒரு வசனம் கேட்ட இடத்தில் நாலு வசனம் சொல்லப்பட்டிருப்பதாக அருளம்பலம் ஆட்சேபித்தார். மூன்றாவது வசனத்தில் சொல் எதிர்மறையில் வந்திருக்கிறது, அது செல்லுமா என்று துரை சந்தேகப்பட்டார். செத்த பொருள் அபேயன்ஸில் இருக்க முடியாது, ஆகையால் அந்த வசனம்தான் எல்லாவற்றிலும் சரியானது என்று பரிசோதகர் வாதாடினார். இருபது நிமிஷத்துக்குப் பிறகு மனுக்காரர் சித்தியடைந்துவிட்டதாக ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

அப்போதுதான் பரிசோதகருக்கு இன்னொரு விஷயம் தட்டுப்பட்டது.

"பயிர் உண்மையாகவே செத்துவிட்டதா?"

"ஓம் துரை."

"எட்டுப் பேருடையதும்?"

"எட்டுப் பேர்டயும்தான்."

"அப்படியென்றால் தண்ணீர் தேவையில்லையே. தேவையில்லாத தண்ணீருக்கு மனு எதற்கு? கோவையை மூடிவிடலாம்."

துரையின் முகம் மலர்ந்தது. அந்தக் கந்தோர் தொடங்கிய காலத்தில் இருந்து அலுமாரியிலிருந்து ஒரு கோவை முடிவு கண்டு இறங்குவது அதுதான் முதல் தடவை. பார்ப்பதற்காகக் கிளாக்கர்மார் எல்லோரும் நெருங்கி வந்தார்கள். 'தீர்க்கப்பட்டது' என்ற முத்திரைக் கட்டை எங்கே இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அது துரையின் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்த இடத்தில் கிடைத்தது. மை காய்ந்திருந்தது, பியோன் தேத்தண்ணீரை ஒரு சொட்டு ஊற்றினான். துரை தம் கையாலேயே முத்திரை குத்திவிட்டு, எழுந்து வந்து காலிதீனுக்குக் கை கொடுத்தார்.

"உம்மைப் போன்ற மனுக்காரர்கள் நாட்டுக்குத் தேவை," என்றார்.

வெளியே வந்ததும் கச்சிமுகம்மது சொன்னார். "பைல் மூடியாச்சு. இனி அது வெறும் மண். அடைக்கிற எண்டா அடைங்க."

மறுநாள் ஆறு பேர் இறங்கினார்கள். கச்சிமுகம்மதும் மண்வெட்டி பிடித்தார். பகல் சோற்றுக்கு வெகுநேரம் முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது. வாய்க்கால் பழைய பாதையில் திரும்பியது. தண்ணீர் காலிதீனின் வயலுக்குள் வந்து, வெடிப்பு வெடிப்பாக இறங்கி, கதிர் வராமலே காய்ந்து நின்ற தாளின் அடியில் பரவியது. வேலப்போடி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, வக்கடைய மூடுங்க," என்றார். "வைக்கல் நனைஞ்சா மாடும் தின்னாது."

காலிதீன் குனிந்து, வரம்பில் தண்ணீர் நுழைகிற வக்கடையில் மண்ணை இழுத்துப் போட்டு, வந்த தண்ணீரைத் தம் கையாலேயே மறித்தார்.

ஹஜ்ஜுப் பெருநாள் விசாரணைக்கு முதலே வந்து போயிருந்தது. மாப்பிள்ளைக்கு ஒலுவிலில் வேறொரு பெண்ணோடு காவின் எழுதினார்கள். அதைப் பற்றி ஒருவரும் காலிதீன் வீட்டுக்கு எழுதவுமில்லை, சொல்லியனுப்பவுமில்லை. லைலா மருதமுனைத் தறிக்காரர் ஒருவரிடம் நூல் சுற்றும் வேலைக்குப் போனாள்.

அடுத்த வருஷம், சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்துகிற நேரம், மறுபடியும் ஒரு மண்ணிற உறை வந்தது. காலிதீனுக்கு இப்போது இங்கிலீஷ் எழுத்துகளைத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தில் அவற்றில் ஒன்றும் இருக்கவில்லை. எல்லா எழுத்துகளும் உருண்டை உருண்டையாக இருந்தன. கொழும்பில் சட்டம் மாறியிருந்தது; இனிக் கந்தோருக்குச் சிங்களம்தான். அபுல் ஹஸன் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு இண்டைக்குத் தலையிடி," என்றார். அவருடைய வேம்பின் கீழ் அன்றைக்கு வேறு ஒருவரும் காத்திருக்கவில்லை.

காலிதீன் கந்தோருக்குப் போனார். குணம் இடமாற்றமாகிப் போயிருந்தான். பெரிய கிளாக்கர் அருளம்பலம் மேசையில் ஒரு சிலேட்டை வைத்து, நாக்கின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு சிங்கள எழுத்தை வளைத்து எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வருஷத்தில் அவருடைய தலை முழுக்க நரைத்துவிட்டது.

"இது எங்கட கந்தோர்க் கடிதம்தான்," என்று ஒப்புக்கொண்டார். "மேலிடத்தில இருந்து அடிச்சு வந்தது. துரை கையெழுத்து மட்டும் போட்டவர்."

"துரைக்கு இது விளங்குமா ஐயா?"

அருளம்பலம் சிலேட்டைத் திருப்பிக் காட்டினார். "இது சரியா எண்டு உமக்குத் தெரியுமா? சிங்களச் சோதனையில தவறினா எனக்குச் சம்பள உயர்வு நிண்டுபோகும். எனக்கு அம்பத்தி மூண்டு வயசு."

காலிதீனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் நல்ல வட்டமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார்.

கல்முனைக் கடைத்தெருவில் பியதாச என்ற சிங்களவர் ஒரு பேக்கரி நடத்தினார். மாத்தறைப் பக்கத்தில் இருந்து வந்து பத்து வருஷமாகிறது, தமிழ் கதைப்பார். அவர் மாக் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டு வாசித்தார். நடுவில் ஒரு நீண்ட சொல் வந்தது. அதில் நின்றுவிட்டார். திரும்பவும் தொடக்கத்திலிருந்து வந்து, அதே இடத்தில் மறுபடியும் நின்றார்.

"ஒங்கட பேர் இருக்கு. வயல் இருக்கு. வாய்க்கால் இருக்கு," என்றார். "இந்த வார்த்தைதான் தெரியாது காக்கா. எழுத்து வாசிக்க ஏலும். ஆனா எங்கட ஊர்ல ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கிற இல்ல."

"நல்ல சொல்லா, கூடாத சொல்லா? அத மட்டும் சொல்லுங்க முதலாளி."

பியதாச அந்தச் சொல்லை விரலால் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை அளந்து பார்த்தார். பிறகு இரக்கத்தோடு கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் போகம் காலிதீன் விதைக்கவில்லை. வாய்க்கால் அவருடைய வயல் ஓரமாக நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. வக்கடையைத் திறக்கலாமா கூடாதா என்று கடிதம் சொன்னதா என்பது அவருக்குத் தெரியாது. பெருநாளைக்குப் பிறகு அவர் சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போய், கரைவலை இழுக்கிறவர்களோடு கயிற்றைப் பிடித்தார். கயிறு பிடிக்க அந்த வருஷம் எந்தக் கந்தோரிலும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.